மான்ஸ்டர் டிரக் கட்டி ஓட்ட எந்த சிமுலேட்டர்? அச்சிலிருந்து அந்தரம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ராட்சத டயர் பூட்டி, குதிப்பதற்கென்றே செய்த மான்ஸ்டர் டிரக் ஒன்று மண்மேட்டில் ஏறித் தாவி அந்தரத்தில் இருக்கிறது. நான்கு டயரில் ஒன்றுகூடத் தரையைத் தொடவில்லை. இந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டியின் மூக்கு மேலே தூக்க வேண்டும். பிரேக்கை அழுத்தினால் மூக்கு கீழே இறங்க வேண்டும். உங்கள் கையில் இருக்கும் சிமுலேட்டரில் இது நடக்கிறதா என்று முதலில் பாருங்கள். நடக்கவில்லை என்றால், படம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதில் மான்ஸ்டர் டிரக் கட்டுவது வீண் வேலை.

காரணம் எளிது. இந்த வண்டியின் டயர் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 300 கிலோ. மணிக்கு 72 கி.மீ வேகத்தில் போகும்போது அது நொடிக்கு ஏறக்குறைய நான்கு சுற்றுச் சுற்றுகிறது. நான்கையும் அந்தரத்தில் பிரேக் பிடித்து நிறுத்தினால், அந்தச் சுழற்சி எங்கேயும் மறைந்துவிடாது, வண்டியின் உடலுக்கு வந்து சேரும். தோராயமாகக் கணக்குப் போட்டால் வண்டி நொடிக்கு 50, 60 டிகிரி வேகத்தில் மூக்கைக் கவிழ்க்கும். ஓட்டுநர்கள் இதை நம்பித்தான் குதிக்கிறார்கள். தரையிறங்கும் கோணத்தை அந்தரத்திலேயே காலால் திருத்திக்கொள்கிறார்கள். கார் பந்தய சிமுலேட்டர்களை எடைபோடும் அளவுகோல் இங்கே செல்லாது. இங்கே எல்லாமே டயரின் எடையிலும் தரையிறக்கத்திலும் இருக்கிறது.

படி 1: நிஜ வண்டியின் அளவுகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

எந்தக் காலத்து வண்டியைக் கட்டப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பாப் சாண்ட்லர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பக்கம் தன் 1974 ஃபோர்டு எஃப்-250 வண்டியை உயர்த்தி உயர்த்தி 'பிக்ஃபுட்' ஆக்கினார். 1981-ல் அதை வைத்துப் பழைய கார்கள்மேல் ஏறி நசுக்கிக் காட்டினார். அந்தக் காலத்து வண்டிகளில் சாதாரண லாரி சேசிஸும் பட்டை ஸ்பிரிங்கும்தான். அவை ஏறி நசுக்கும், பறக்காது. 1989-ல் வந்த எட்டாவது பிக்ஃபுட் குழாய்களால் ஆன கூண்டுச் சட்டத்தோடும் நைட்ரஜன் ஷாக் அப்சார்பரோடும் வந்தது. இன்று நாம் பார்க்கும் குட்டிக்கரணம் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். முதல் முறை கட்டுகிறவர்கள் குழாய்ச் சட்ட வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டை ஸ்பிரிங்கை சிமுலேட்டரில் ஒழுங்காகக் கொண்டுவருவது தனித் தலைவலி.

இன்றைய வண்டிக்குத் தேவையான எண்கள் இவை. டயர் உயரம் 66 அங்குலம், அதாவது 1.68 மீட்டர். அகலம் 43 அங்குலம், 1.09 மீட்டர். ரிம் 25 அங்குலம். காற்றழுத்தம் 20 பிஎஸ்ஐ அளவில், சாதாரண காரைவிடக் குறைவு. மொத்த எடை 12,000 பவுண்டு, சுமார் 5,440 கிலோ. மெத்தனாலில் ஓடும் சூப்பர்சார்ஜர் வைத்த வி8 எஞ்சின், ஏறக்குறைய 1,500 குதிரைத்திறன். சஸ்பென்ஷன் ஏறி இறங்கும் தூரம் 26 அங்குலத்துக்கும் மேல், அதை 0.66 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின்சக்கரங்களும் தனியாகத் திரும்பும். அதற்கு ஸ்டியரிங் கிடையாது, ஒரு சின்ன சுவிட்ச்தான்.

படி 2: சிமுலேட்டருக்குள் சக்கரம் என்பது என்ன என்று பாருங்கள்

இரண்டு வழிகள் இருக்கின்றன. பெரும்பாலான விளையாட்டுகளில் சக்கரம் என்று ஒன்று உண்மையில் இல்லை. வண்டி ஒரு கெட்டியான பெட்டி. அதன் நான்கு மூலையிலிருந்தும் கீழ்நோக்கி ஒரு கற்பனைக் கோடு விடப்படும். கோடு தரையில் பட்டால், பட்ட தூரத்துக்கு ஏற்ப ஒரு ஸ்பிரிங் விசை பெட்டியைத் தள்ளும். நாம் பார்க்கும் டயர் வெறும் படம். விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருட்களான யூனிட்டியின் வீல் கொலைடர், கோடோவின் வெஹிக்கிள் பாடி எல்லாம் இந்த ரகம். சாலையில் ஓடும் காருக்கு இது போதும். ஆனால் நசுங்கிய கார் ஒன்றின் கூரை விளிம்பு டயரின் பக்கவாட்டில் குத்தும்போது அந்தக் கோடு அதைப் பார்க்கவே பார்க்காது. எடை இல்லாத சக்கரம் அந்தரத்தில் மூக்கையும் தூக்காது. தூக்க வேண்டும் என்றால் நீங்களே நிரலில் ஒரு திருப்புவிசையைச் செருக வேண்டும்.

இன்னொரு வழி மென்னுடல் இயற்பியல். வண்டி முழுவதும் எடையுள்ள புள்ளிகளாகவும், அவற்றை இணைக்கும் ஸ்பிரிங்குகளாகவும் இருக்கும். புள்ளியை நோட் என்றும் இணைப்பை பீம் என்றும் சொல்வார்கள். கரும்பில் இருக்கிற மாதிரி என்பதால் நான் 'கணு' என்று எழுதுகிறேன். இங்கே டயரும் கணுக்களால் ஆனது. அதற்கு எடை உண்டு, அது நசுங்கும், தட்டையாகும், எங்கே இடித்தாலும் தெரியும்.

கணக்குப் போடும் வேகத்திலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். நான்கு மீட்டர் உயரத்திலிருந்து விழும் வண்டி தரையைத் தொடும்போது நொடிக்கு 8.9 மீட்டர் வேகத்தில் இருக்கும். கோடோ இயல்பாக நொடிக்கு 60 தடவை கணக்குப் போடுகிறது. ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவில் வண்டி 15 செ.மீ இறங்கிவிடும். யூனிட்டியின் இயல்பான 50 தடவையில் 18 செ.மீ. மென்னுடல் சிமுலேட்டர்கள் நொடிக்கு 2,000 தடவை கணக்குப் போடுகின்றன. அங்கே இடைவெளி நாலரை மில்லிமீட்டர்தான்.

படி 3: எதில் கட்டுவது, எதில் ஓட்டுவது

இந்தக் கேள்விக்கு என் பதில் இரண்டு பெயர்: ரிக்ஸ் ஆஃப் ராட்ஸில் கட்டப் பழகுங்கள், பீம்என்ஜி டிரைவில் ஓட்டுங்கள். இரண்டும் மென்னுடல் வகைதான்.

ரிக்ஸ் ஆஃப் ராட்ஸ் 2005-ல் தொடங்கியது. 2009-ல் திறமூல மென்பொருளாக வெளிவந்தது. இலவசம். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், பழைய லேப்டாப்பிலும் ஓரளவு ஓடும். படம் பழசாகத்தான் தெரியும். ஆனால் வண்டி என்பது ஒரே ஒரு எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து, எண்ணை மாற்றி, சேமித்து, மறுபடி ஏற்றிப் பார்க்கலாம். கற்றுக்கொள்ள இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

அதை உருவாக்கியவர்களில் சிலர் பிரிந்து போய் ஆரம்பித்ததுதான் ஜெர்மனியின் பிரேமன் நகரத்தில் இருக்கும் பீம்என்ஜி. 2013-ல் முதல் பதிப்பு வந்தது, 2015-ல் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடைக்கு வந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டும், கம்ப்யூட்டரும் கொஞ்சம் வலுவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வண்டியும் பிராசசரின் ஒரு கோரைத் தின்னும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நசுக்குவதற்காக ஆறு கார்களை வரிசையாக நிறுத்தினால் ஆறு கோர் போச்சு. மான்ஸ்டர் டிரக் விளையாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் டயர், உலோகம் கசங்கும் விதம், எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பவர்டிரெயின் எல்லாவற்றிலும் அது மேலே நிற்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புராஜெக்ட் க்ரோனோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய திறமூல எஞ்சின். மண் அமுங்குவதைக்கூடக் கணக்கிடும். பைத்தான் அல்லது சி++ எழுதத் தெரிந்த பொறியியல் மாணவருக்கு நல்ல புராஜெக்ட், சாயங்காலப் பொழுதுபோக்குக்கு இல்லை. கோடோவில் சொந்த விளையாட்டு செய்யலாம். ஆனால் படி 2-ல் சொன்ன குறை எல்லாவற்றுக்கும் நீங்களே ஒட்டுப் போட வேண்டும். 1996-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மான்ஸ்டர் டிரக் மேட்னஸ், 2019-ல் வந்த மான்ஸ்டர் ஜாம் ஸ்டீல் டைட்டன்ஸ் போன்றவை விளையாடத்தான், கட்ட அல்ல. குழந்தைகள் கையில் கொடுக்க அவையே மேல்.

படி 4: ரிக்ஸ் ஆஃப் ராட்ஸில் முதல் அச்சு

முழு வண்டியோடு ஆரம்பிக்காதீர்கள். ஒரு அச்சு, இரண்டு சக்கரம், மேலே ஒரு பெட்டி. அது நேராக நின்றால் போதும்.

கோப்பில் கணுக்கள் பகுதியில் ஒவ்வொரு வரியும் ஒரு எண்ணும் மூன்று ஆயத்தொலைவுகளும். இங்கே ஒய் அச்சுதான் உயரம். பீம்என்ஜியில் இசட் அச்சு உயரம். ஒன்றிலிருந்து எண்களை எடுத்து மற்றதில் போடும்போது இதை மறந்தால் வண்டி பக்கவாட்டில் படுத்துக்கொண்டு பிறக்கும்.

அடுத்து பீம்கள். கட்டடத்துக்குச் சாரம் கட்டும்போது நேர்க்கழிகளோடு நிறுத்தமாட்டார்கள், குறுக்கே ஒரு கழியைச் சாய்த்துக் கட்டுவார்கள். இங்கேயும் அதே கதைதான். சதுரமாக நான்கு பீம் போட்டால் அது சாய்ந்து மடங்கிவிடும். ஒவ்வொரு சதுரத்துக்கும் மூலைவிட்டம் வேண்டும், ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ளே குறுக்காகவும் போக வேண்டும். குழாய்ச் சட்டத்தின் நிஜப் படத்தைப் பார்த்தால் எல்லாமே முக்கோணமாக இருப்பது தெரியும். அதை அப்படியே பின்பற்றினால் பாதி வேலை முடிந்தது.

இப்போது எல்லோரும் மாட்டும் இடம். வண்டியை ஏற்றியதும் அது நடுங்கி, வீங்கி, நாலாபக்கமும் சிதறிவிடும். என் முதல் வண்டி மூன்று நாள் இப்படியே வெடித்தது, கோளாறு முழுக்க என் எண்களில்தான். பீமின் இயல்பான விறைப்பு மீட்டருக்கு 90 லட்சம் நியூட்டன், தணிப்பு (அசைவை அடக்கும் அளவு) 12,000. நொடிக்கு 2,000 கணக்கு என்றால் ஒரு கணக்குக்கு 0.0005 நொடி. தணிப்பை அந்த நேரத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் 3 கிலோ வரும். ஒரே பீம் தொங்கும் கணு மூன்று கிலோவுக்குக் கீழே போனால், வேகத்தைக் குறைக்க வேண்டிய விசை அதைத் தாண்டி எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். அடுத்த கணக்கில் இன்னும் அதிகமாகத் தள்ளும். பத்துப் பீம் சேரும் கணுவுக்கு இந்த எல்லை பல மடங்கு ஏறும். இயல்பான குறைந்தபட்சக் கணு எடை 50 கிலோ என்று வைத்திருப்பது சும்மா இல்லை. எடையைக் குறைக்க வேண்டும் என்றால் விறைப்பையும் தணிப்பையும் சேர்த்துக் குறையுங்கள். கணுக்களின் எண்ணிக்கையையும் கையடக்கமாக வையுங்கள். 5,440 கிலோ வண்டியில் டயருக்கு 1,200 கிலோ போனால் மீதி 4,240. அதை 50-ஆல் வகுத்தால் 84 கணுதான் கிடைக்கும். அழகுக்காக 300 கணு போட்டவர் வண்டி 15 டன் எடையில் வந்து நிற்கும்.

சக்கரத்துக்கு வாருங்கள். ஆரம் 0.84, ரிம் ஆரம் 0.32, அகலம் 1.09, எடை 300. கதிர்களின் எண்ணிக்கை என்று ஒன்று கேட்கும், அது டயர் எத்தனை பக்கம் கொண்ட பல்கோணம் என்பது. 12-க்குக் கீழே போனால் சமதரையிலேயே குதித்துக் குதித்து ஓடும். 16 நல்ல ஆரம்பம். அதோடு 'ஆர்ம்' என்று ஒரு கணுவைக் கேட்கும். அவசரத்தில் கைக்கு வந்த எண்ணைப் போட்டுவிடாதீர்கள். சக்கரத்தைச் சுழற்றும்போது அதன் எதிர்வினை எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்வது இந்தக் கணுதான். அச்சின்மேல் சரியான கணுவைக் கொடுத்தால், எதிர்வினை இணைப்புக் கம்பிகள் வழியாகச் சட்டத்துக்கு ஏறி, அந்தரத்தில் மூக்கைத் தூக்கும். தப்பாகக் கொடுத்தால் வண்டி ஆக்சிலரேட்டர் மிதித்ததும் விசித்திரமாக முறுக்கிக்கொள்ளும்.

அச்சைச் சட்டத்தோடு இணைக்க நான்கு கம்பிகள், அதாவது ஃபோர் லிங்க். கீழே இரண்டு நேராக, மேலே இரண்டு சாய்வாக. மேல் கம்பிகளின் சாய்வுதான் அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கிறது. முன்பக்க ஸ்டியரிங்குக்கு ஹைட்ரோ என்ற நீளம் மாறும் பீம். பின்பக்கத்துக்கும் நீளம் மாறும் பீம்தான், ஆனால் அதைக் கமாண்ட் பகுதியில் போட்டுத் தனிப் பொத்தானுக்குக் கொடுங்கள்.

படி 5: ஷாக் அப்சார்பருக்கு எண் தேடுவது

நிறையப் பேர் இங்கே கண்ணை மூடிக்கொண்டு ஸ்பிரிங்கைக் கூட்டிக்கொண்டே போவார்கள். வண்டி தரையில் விழுந்ததும் பந்து மாதிரி திரும்பக் குதிக்கும். கணக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

டயர், அச்சு எல்லாம் போக, ஒரு மூலைக்கு மேலே உட்காரும் எடை சுமார் 800 கிலோ. வண்டி சும்மா நிற்கும்போது 0.66 மீட்டரில் 0.2 மீட்டர் அமுங்கி நிற்கட்டும். அதற்கு மீட்டருக்கு 40,000 நியூட்டன் ஸ்பிரிங் போதும். இப்போது நான்கு மீட்டரிலிருந்து விழவிடுங்கள். அமுங்கும் தூரத்தையும் சேர்த்து அந்த மூலை விழுங்க வேண்டிய ஆற்றல் 36,000 ஜூலுக்கு மேல். முழுக்க அமுங்கினாலும் ஸ்பிரிங் எடுத்துக்கொள்வது 9,000 ஜூல்கூட இல்லை. மீதி முக்கால் பங்கும் தணிப்பின் தலையில்தான். ஸ்பிரிங் வண்டியை நிறுத்தி வைக்க, தரையிறக்குவதற்கு எண்ணெயும் வாயுவும். நொடிக்கு ஐந்து மீட்டர் சராசரி வேகம் என்று கொண்டால் தணிப்பு 8,000 பக்கம் வரும். அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

எளிய ஷாக்ஸ் பகுதி அமுங்குவதற்கும் நீள்வதற்கும் ஒரே எண்ணைத்தான் ஏற்கும். ஷாக்ஸ்2 பகுதியில் இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்கலாம், அதையே பயன்படுத்துங்கள். எவ்வளவு சுருங்கலாம், எவ்வளவு நீளலாம் என்ற எல்லைகளை ஷாக்கின் நீளத்தின் விகிதமாகத் தர வேண்டும். எல்லையில் போய் முட்டினால் சட்டம்தான் வளையும், அதனால் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.

படி 6: அதே வண்டி பீம்என்ஜியில்

இங்கே கோப்பின் பெயர் ஜேபீம். ஒரே கோப்பு இல்லாமல் பாகம் பாகமாக, ஸ்லாட் ஸ்லாட்டாகப் பிரிந்திருக்கும். முன் அச்சு ஒன்று, பின் அச்சு ஒன்று, டயர் ஒன்று. இது முதலில் தலையைச் சுற்றவைக்கும். அப்புறம் ஒரு டயரைக் கழற்றி வேறு டயர் மாட்டும் வசதி தெரிந்ததும் பழைய முறைக்குப் போக மனம் வராது. பயனர் கோப்புறையில் மோட்ஸுக்குள் அன்பேக்டு என்ற இடத்தில் வையுங்கள். எண்ணை மாற்றியதும் கன்ட்ரோல் ஆர் அழுத்தினால் வண்டி புதிதாக ஏறும், விளையாட்டை மூடித் திறக்க வேண்டாம். புதிதாக எழுதுவதைவிட, இலவசமாகக் கிடைக்கும் மான்ஸ்டர் டிரக் மோட் (மற்ற பயனர்கள் செய்த வண்டி) ஒன்றைத் திறந்து அதன் எண்களைப் படிப்பதுதான் நல்ல தொடக்கம்.

டயர் 'பிரஷர் வீல்ஸ்', அதாவது அழுத்தச் சக்கரம், என்ற பகுதியில் வரும், இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். அழுத்தத்தை 20 பிஎஸ்ஐ கொடுங்கள். சரிபார்க்க ஒரு வழி: ஒரு மூலையின் மொத்த எடை 1,360 கிலோ. அதை 20 பிஎஸ்ஐ காற்று மட்டுமே தாங்கினால் தரையைத் தொடும் பரப்பு சுமார் 970 சதுர செ.மீ. ஒரு மீட்டர் அகல டயருக்கு அது ஒன்பது செ.மீ நீளப் பட்டை. வண்டியை நிறுத்தி டயரின் அடிப்பகுதியைப் பாருங்கள். தொடும் பட்டை அதைவிட மிகச் சிறியது என்றால் பக்கச் சுவர் பீம்கள் அளவுக்கு மீறி விறைப்பாக இருக்கின்றன, காற்றுக்கு வேலையே இல்லை. அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து நேரத்தை வீணாக்காமல் பக்கச் சுவர் விறைப்பைப் பாதியாக்குங்கள். இங்கேயும் ஆர்ம் கணு உண்டு, முன்னே சொன்ன எச்சரிக்கை அப்படியே பொருந்தும்.

ஷாக்குக்கு எல்லையுள்ள பீம் வகை. அதில் அமுங்கும்போதும் நீளும்போதும், மெதுவான அசைவுக்கும் வேகமான அடிக்கும் தனித்தனித் தணிப்பு தரலாம். மான்ஸ்டர் டிரக்குக்கு இந்த வசதி பெரிய வரம். சமதரையில் மென்மையாக இருக்கட்டும், விழும்போது மட்டும் இறுகட்டும்.

படி 7: மூன்று சோதனை, அப்புறம் ஓட்டம்

முதல் சோதனை, நான்கு மீட்டரிலிருந்து நேராகப் போடுவது. மெதுவோட்டத்தில் பாருங்கள். முதலில் டயர் நசுங்க வேண்டும், அடுத்து ஷாக் சுருங்க வேண்டும், வண்டி ஒரு தடவை மட்டும் மெல்ல எழும்பி அடங்க வேண்டும். இரண்டாவது தடவையும் டயர் தரையை விட்டுக் கிளம்பினால் நீளும் பக்கத் தணிப்பைக் கூட்டுங்கள்.

இரண்டாவது, முதலிலேயே சொன்ன அந்தரச் சோதனை. ஆக்சிலரேட்டரில் மூக்கு தூக்கி, பிரேக்கில் இறங்க வேண்டும். இரண்டும் நடக்கிறது, ஆனால் ரொம்ப மெதுவாக என்றால் டயர் எடை குறைவாகவோ சட்டத்தின் எடை கூடுதலாகவோ இருக்கிறது.

மூன்றாவதுக்கு ஒரு நிஜ நிகழ்வு. 1999-ல் டென்னசியின் ஸ்மிர்னாவில் டான் ரன்ட் பிக்ஃபுட்டில் ஒரு போயிங் 727 விமானத்தைத் தாண்டினார். 202 அடி, 61.6 மீட்டர். 20 டிகிரி சாய்வில் ஒரு மேடையும், அதே உயரத்தில் இறங்கும் மண்மேட்டையும் வைத்துப் பாருங்கள். காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் மணிக்கு 110 கி.மீ வேகம் வேண்டும். உங்கள் வண்டி 80-லேயே தாண்டினால், மேடையில் ஏறும்போது அமுங்கிய சஸ்பென்ஷன் ஸ்பிரிங் பலகை மாதிரி வண்டியைத் தூக்கி எறிகிறது என்று அர்த்தம். படி 5-க்குத் திரும்பிப் போங்கள்.

ஓட்டும்போது கீபோர்டு வேண்டாம், ஒரு சாதாரண கேம்பேடாவது இருக்கட்டும். ஆக்சிலரேட்டரைப் பாதி அழுத்துவது என்ற ஒன்று கீபோர்டில் இல்லை, அந்தரத்தில் அந்தப் பாதிதான் வேலை செய்கிறது. வலது குச்சியின் இடவலத்தைப் பின்சக்கரத் திருப்பத்துக்குக் கொடுங்கள். வளைவில் முன்னும் பின்னும் எதிரெதிராகத் திருப்பினால் வண்டி இருந்த இடத்திலேயே சுழலும். வளைவு முடிவதற்கு முன்பே பின்சக்கரத்தை நேராக்கிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த மேட்டில் கோணலாக ஏறிப் பக்கவாட்டில் உருள்வீர்கள். மேட்டின் உச்சிக்கு ஒரு வண்டி நீளம் முன்னாலேயே ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்துங்கள். மூக்கு வானத்தைப் பார்த்தால் பிரேக்கை முழுக்க அழுத்தாமல் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள், தேவைப்பட்டால் இன்னொன்று. பின்டயர்கள் ஒரு கண்ணிமைப்பு முன்னதாகத் தரையைத் தொடும்படி இறக்கி, தொட்ட அந்த நொடியில் ஆக்சிலரேட்டரைக் கொடுங்கள். சுற்றாமல் நிற்கும் டயர் தரையில் பட்டால் மூக்கு பட்டென்று குத்தும். ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் டயர் வண்டியை முன்னால் இழுத்துக்கொண்டு போய்விடும்.